மாமாவின் பென்டாக்ஸ் லென்ஸ் பிளேன்ரீ நிறத்தில் இருக்கிறது, நிக்கோனில் பூட்டினால் தூரமும் தெளிவில்லை

மாமாவின்_பெட்டி:

வணக்கம் எல்லோருக்கும். மாமா போன வருஷம் காலமானார். போன கிழமை மாமி வெள்ளவத்தை வீட்டு அலுமாரியை ஒதுக்கும்போது ஒரு தோல் பையைத் தூக்கி என் கையில் வைத்து, "உனக்குத்தானே இந்தப் பைத்தியம், கொண்டுபோ" என்றார். உள்ளே அசாஹி பென்டாக்ஸ் ஸ்பொட்மாட்டிக் ஒன்று, அதில் சூப்பர் டாகுமார் 50 மி.மீ எஃப் 1.4 லென்ஸ். கமரா செத்துவிட்டது, ஷட்டர் பாதியில் நிற்கிறது. லென்ஸ் நல்ல பாரம், போகஸ் வளையம் நேற்று எண்ணெய் விட்ட மாதிரிச் சுழல்கிறது.

என்னிடம் இருப்பது நிக்கோன் டி5300. புறக்கோட்டையில் ஒரு கடையில் அடப்டர் கேட்டேன், "எம்42 இலிருந்து நிக்கோனுக்கு, ஒரு பிரச்சினையும் இல்லை" என்று ஒரு மெல்லிய வளையத்தைத் தந்தார்கள். பூட்டிப் பார்த்தால் மேசையில் இருக்கிற கோப்பை தெளிவாக வருகிறது, யன்னலுக்கு வெளியே இருக்கிற ரயில் பாதை வரவே மாட்டேன் என்கிறது. ஒன்றரை மீற்றருக்கு அப்பால் எல்லாம் கஞ்சி.

அடுத்தது, லென்ஸை வெள்ளைத் தாளுக்கு மேலே பிடித்தால் தாள் பிளேன்ரீ நிறத்தில் தெரிகிறது. பங்கஸா? எறியத்தான் வேண்டுமா?

கல்யாணக்கமரா:

தம்பி, வடிவான சாமான், ஷோகேசில் வை. படம் எடுக்க வேண்டுமென்றால் பாவித்த 50 மி.மீ ஓட்டோ போகஸ் ஒன்றை வாங்கு, அடப்டருக்கும் மருந்துக்கும் செலவழிக்கப் போகிற காசை விடக் குறைவாக வரும். இருபது வருஷமாகக் கல்யாணவீடு எடுக்கிறேன். ஐயர் கெட்டிமேளம் என்று கை காட்டிய பிறகு வளையம் திருப்பிக்கொண்டிருந்தால் தாலி ஏறிவிடும், உன் படத்தில் பின்னால் நிற்கிற பெரியம்மாவின் காதுத் தோடு மட்டும் தெளிவாக இருக்கும்.

திருகுவில்லை:

கல்யாணக்கமரா அண்ணை சொல்வது கல்யாணத்துக்குச் சரி. தம்பி கல்யாணம் எடுக்கக் கேட்கவில்லையே.

முதல் பிரச்சினையை முதலில் பார்ப்போம். ஒவ்வொரு மவுண்டுக்கும், அதாவது லென்ஸ் கமராவில் பூட்டுகிற முறைக்கும், லென்ஸ் உட்காரும் தட்டிலிருந்து படம் பதிகிற சென்சர் வரைக்கும் ஒரு குறித்த தூரம் உண்டு. எம்42 திருகு மவுண்டுக்கு 45.46 மி.மீ. நிக்கோன் எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ. அதாவது உங்கள் நிக்கோன் உடலே மாமாவின் லென்ஸுக்கு ஒரு மி.மீ அளவு கூடத் தடிப்பு, அதற்கு மேலே வளையத்தின் தடிப்பு வேறு. லென்ஸ் இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, கிட்ட இருப்பதை மட்டும் பிடிக்கிறது. 50 மி.மீ லென்ஸ் இரண்டு மி.மீ தள்ளி நின்றால் ஒன்றேகால் மீற்றரோடு உலகம் முடிந்துவிடும், கணக்குப் போட்டுப் பாருங்கள், நீங்கள் சொன்ன ஒன்றரை மீற்றருக்குக் கிட்டத்தட்ட அதுதான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பூட்டுப்படும். அவ்வளவுதான்.

நடுவில் சிறு கண்ணாடி வைத்த நிக்கோன் அடப்டர் இருக்கிறது, தூரமும் வரும். ஆனால் ஆயிரம் ரூபாக் கண்ணாடியைப் பின்னால் ஒட்டிவிட்டு முன்னால் டாகுமார் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எஃப் 1.4 இல், அதாவது ஒளி நுழையும் துவாரம் முழுதாகத் திறந்திருக்கும்போது, ஒரு வெள்ளைப் புகை ஏறும்.

கனோன் ஈஎஃப் மவுண்ட் 44 மி.மீ, அதனால் பழைய கனோன் டிஎஸ்எல்ஆரில் எம்42 சும்மா வளையத்தோடு வேலை செய்யும். உள்ளே முகம்பார்க்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமரா என்றால் கவலையே இல்லை, சொனி ஈ மவுண்ட் 18 மி.மீ, நிக்கோன் இசட் 16, கனோன் ஆர்எஃப் 20, ஃபூஜி எக்ஸ் 17.7. இவ்வளவு குறைவாக இருப்பதால் மிச்சத் தூரத்தை வெறும் குழாய் ஒன்றால் நிரப்பிவிடலாம், கண்ணாடி தேவையில்லை. 2010 இல் சொனியின் நெக்ஸ் என்ற மிரர்லெஸ் வந்த பிறகுதான் இந்தப் பழைய லென்ஸ் வியாபாரம் இப்படிச் சூடு பிடித்தது. அதுக்கு முன்னால் கனோன் எஃப்டி லென்ஸ்களை (42 மி.மீ) கனோன்காரனே கைவிட்டுவிட்டான், பெட்டி பெட்டியாகச் சும்மா கிடந்தன.

மாமாவின்_பெட்டி:

அண்ணை, விளங்கிவிட்டது. அப்ப இந்த வளையம் வீண்காசு. மஞ்சள்?

பேரைவாவி:

மஞ்சள் என்றால் கவனம். சில பழைய டாகுமாரில் கதிரியக்கக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று வாசித்தேன். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வைத்திருக்காதீர்கள்!!

மாமாவின்_பெட்டி:

ஐயோ. மாமி இதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் வைத்திருந்தார்.

ரயில்பாதை_அக்கா:

தம்பி பயப்படாதே, மாமியையும் பயப்படுத்தாதே. பேரைவாவி சொல்வதில் பாதி உண்மை.

7 கண்ணாடிகள் உள்ள சூப்பர் டாகுமார் 50 எஃப் 1.4 இல் பின்பக்கக் கண்ணாடியில் தோரியம் ஒக்சைட் கலந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒளியை நன்றாக வளைக்கவும் வேண்டும், நிறங்கள் பிரிந்து போகவும் கூடாது என்றால் அதுதான் கைக்கு எட்டிய வழி. தோரியம் மெதுவாகச் சிதைகிறது, அந்தக் கதிர் கண்ணாடியின் உள்ளமைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழப்புகிறது, வருஷக் கணக்கில் இருட்டுப் பையில் கிடந்தால் கண்ணாடி மஞ்சளாகி பிளேன்ரீ ஆகிவிடும். உன் மாமாவின் லென்ஸுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். பங்கஸ் கண்ணாடி முழுக்கச் சீராக நிறம் மாற்றாது, சிலந்தி வலை மாதிரியோ பஞ்சு மாதிரியோ வரும்.

கமராவில் பூட்டிப் படம் எடுப்பதால் ஒன்றும் ஆகாது. கண்ணாடியை உடைக்காதே, அரைக்காதே, தூளை மூச்சில் இழுக்காதே, கண்ணோடு ஒட்டி வைத்து மணிக்கணக்கில் பார்க்காதே. அவ்வளவுதான். பிள்ளைகள் விளையாட இதைக் கொடுக்க வேண்டாம், அது எந்த லென்ஸுக்கும் பொருந்தும்.

மஞ்சளை எடுக்க வெயில் போதும், புற ஊதாக்கதிர் பட்டால் அந்த நிறம் கலைந்துவிடும். லென்ஸின் பின்பக்கத்தை வெயிலுக்குக் காட்டி வை, அப்பேர்ச்சரை (ஒளி நுழையும் துவாரம்) முழுதாகத் திறந்து வை, முன்பக்கத்தை அலுமினியத் தாளால் நன்றாகச் சுற்று. அலுமினியத் தாள் வெளிச்சத்தைத் திருப்பி உள்ளே அனுப்பும் என்பது ஒன்று, அதைவிட முக்கியம், லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி, மூடாமல் யன்னலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனால் திரைச்சீலை பற்றும். விளையாட்டாகச் சொல்லவில்லை. என் மேசையில் ஒரு கரிப் புள்ளி இருக்கிறது.

திருகுவில்லை:

அக்கா சொன்னதோடு ஒன்று. வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கம் என்றால் பல்கனியில் திறந்து வைக்காதீர்கள். உப்புக் காற்றில் ஒரு கிழமையில் கண்ணாடியில் ஒட்டும் படிவம் வந்துவிடும், துடைக்கப்போய்க் கீறுவீர்கள். யன்னல் கண்ணாடிக்கு உள்ளே வையுங்கள். புற ஊதாக்கதிரில் ஒரு பங்கை யன்னல் தடுத்துவிடும், நாள் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. மத்தியான வெயிலில் லென்ஸ் சுடுகிற அளவுக்கு விட்டால் உள்ளே இருக்கிற கிறீஸ் உருகி அப்பேர்ச்சர் தகடுகளில் எண்ணெய் ஏறும், அது வேறு தலையிடி.

நகப்பூச்சு காயவைக்கிற ஊதா விளக்கு வீட்டில் யாரிடமாவது இருந்தால் மழைநாளில் அதையும் பாவிக்கலாம்.

மாமாவின்_பெட்டி:

தங்கச்சியிடம் அந்த விளக்கு இருக்கிறது. கேட்டேன். "லென்ஸுக்கு நகம் பூசப்போறியா" என்று முழு வீட்டுக்கும் அறிவித்துவிட்டாள்.

கல்யாணக்கமரா:

பங்கஸ் இல்லை என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? முப்பது வருஷம் கொழும்பில் தோல் பையில் கிடந்த லென்ஸ். பங்கஸ் இல்லாவிட்டால் அதைத்தான் ஷோகேசில் வைக்க வேண்டும்.

ரயில்பாதை_அக்கா:

இதில் அண்ணையோடு ஒத்துப்போகிறேன். தோல் பை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பங்கஸுக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. தம்பி, இரவில் விளக்கை அணைத்துவிட்டு போன் டோர்ச்சை லென்ஸின் ஒரு பக்கத்தில் கொஞ்சம் சரித்துப் பிடி, மறுபக்கத்தால் பார். பொட்டுப் பொட்டாகத் தூசி தெரியும், அதை விடு, எல்லா லென்ஸிலும் இருக்கும். கிளை கிளையாக நூல் ஓடினால் சொல்லு. பையை இன்றைக்கே வேறாக வை, நினைவுக்கு வேண்டுமென்றால் வெயிலில் காயவைத்து வேறு அறையில் மாட்டு, லென்ஸை மறுபடி அதற்குள் போடாதே.

மாமாவின்_பெட்டி:

பார்த்தேன். முன் கண்ணாடியின் உள்விளிம்பில், பெருவிரல் நகத்தில் கால்வாசி அளவு, மெல்லிய நூல் மாதிரி ஒன்று. நடுவில் ஒன்றும் இல்லை.

திருகுவில்லை:

விளிம்பில் அவ்வளவுதான் என்றால் படத்தில் தெரியாது. ஆனால் வளர விடக்கூடாது. நாட்பட்டால் பங்கஸ் கண்ணாடியின் மேல் பூச்சான கோட்டிங்கை அரித்துவிடும், பிறகு துடைத்தாலும் தடம் நிற்கும்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கழற்ற வேண்டாம். என்னிடம் இருந்த 28 மி.மீ லென்ஸை ஒருவரிடம் சுத்தம் செய்யக் கொடுத்தேன், பெயர் வேண்டாம், நல்ல மனிதர். ஜப்பான் லென்ஸ்களில் இருக்கிற சிறு ஆணிகள் ஜேஐஎஸ் என்ற ஜப்பான் தர வகை, நம்மூர்க் கடைகளில் கிடைக்கிற பிலிப்ஸ் திருப்புளி பார்வைக்கு அதே போலத்தான், பூட்டித் திருப்பினால் ஆணியின் தலையைத் தின்றுவிடும். மூன்று ஆணி போயிற்று. அதோடு போகஸ் திருகு பல இழைகளால் ஆனது, கழற்றும்போது எந்த இழையில் விட்டது என்று குறித்து வைக்காவிட்டால் திரும்பப் பூட்டும்போது வேறு இழையில் ஏறும், தூரம் பிறகு வரவே வராது. எனக்கு இப்போது ஐந்து மீற்றர் வரை மட்டும் தெரிகிற 28 மி.மீ ஒன்று இருக்கிறது. பக்குவமாக நாங்களே கிட்டப் பார்வை ஆக்கிவிட்டோம்.

பேரைவாவி:

அரிசிப் பெட்டிக்குள் வைத்தால் ஈரம் போகுமே? என் போன் தண்ணீரில் விழுந்தபோது அப்படித்தான்...

ரயில்பாதை_அக்கா:

அரிசி வேண்டாம். தூளும் மாவும்தான் உள்ளே போகும்.

மூடி இறுக்கமாகப் பூட்டக்கூடிய பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி, இது மூன்றும் போதும். ஈரப்பதன் 40 இலிருந்து 50 வீதத்துக்குள் நின்றால் சரி. வைகாசி ஆனி மழையில் என் அறை ஈரமானி 85 காட்டுகிறது, பெட்டிக்குள் 45. சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்து மறுபடி பாவிக்கலாம். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறுகிற வகையில் கோபால்ட் இருக்கிறது, அதைச் சமையல் தாச்சியில் வறுக்காதே. செம்மஞ்சள் நிறத்தில் வருகிறதை வாங்கு.

காசு இருந்தால் மின்சார உலர்பெட்டி வாங்கலாம். 2022 இல் ரூபா விழுந்த பிறகு அதன் விலையைக் கேட்டுவிட்டு நான் சாப்பாட்டுப் பெட்டியோடு திருப்திப்பட்டுக்கொண்டேன்.

இன்னொன்று, பாவிக்கிற லென்ஸில் பங்கஸ் குறைவு. காற்றும் வெளிச்சமும் படும். இந்தத் தம்பியின் மாமா படம் எடுப்பதை நிறுத்திய பிறகுதான் அது வந்திருக்கும்.

மாமாவின்_பெட்டி:

ஓம் அக்கா. 83 க்குப் பிறகு மாமா கமராவைத் தொடவில்லை என்று மாமி சொன்னார். அதற்கு மேலே நான் கேட்கவில்லை.

கல்யாணக்கமரா:

ம்.

தம்பி, என்னிடம் சொனி ஏ6000 ஒன்று சும்மா கிடக்கிறது. கொட்டாஞ்சேனைக்கு வா, ஒரு மாசம் வைத்திரு. எம்42 அடப்டர் மட்டும் நீ வாங்கு, சொனிக்கென்று கேட்டு வாங்கு.

மாமாவின்_பெட்டி:

அண்ணை, பெரிய நன்றி. ஞாயிறு வருகிறேன்.

(பதினேழு நாளுக்குப் பிறகு)

மாமாவின்_பெட்டி:

அறிக்கை தருகிறேன்.

முதல் ஐந்து நாள் மழை, தங்கச்சியின் விளக்கோடு ஓடியது. அதற்குப் பிறகு எட்டு நாள் பின்னேர வெயில். ஒவ்வொரு நாளும் அதே வெள்ளைத் தாளில் வைத்துப் படம் எடுத்தேன். முதல் நாள் பிளேன்ரீ, ஏழாம் நாள் எலுமிச்சைத் தண்ணீர், நேற்று தாளின் நிறம் அப்படியே இருந்தது. ஒரு சின்ன மஞ்சள் சாயல் இருக்கலாம், என் கண்ணுக்குத் தெரியவில்லை. படமும் முன்னதை விட வெளிச்சமாக வருகிறது.

ஏ6000 இல் பூட்டியதும் ஷட்டர் அமுங்கவே இல்லை. கமரா கெட்டுவிட்டது, அண்ணைக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு மணித்தியாலம் வியர்த்தேன்.

கல்யாணக்கமரா:

மெனுவில் லென்ஸ் இல்லாமல் ஷட்டரை விடலாம் என்று ஒன்று இருக்கிறது, அதைத் திற. பழைய லென்ஸில் மின்தொடுப்பு இல்லை, கமராவுக்கு முன்னால் வெறும் ஓட்டைதான் தெரிகிறது.

மாமாவின்_பெட்டி:

கண்டுபிடித்துவிட்டேன் அண்ணை, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு. அடுத்தது, அப்பேர்ச்சர் வளையத்தை எப்படித் திருப்பினாலும் தகடுகள் அசையவில்லை. பிறகு பார்த்தால் லென்ஸின் பக்கத்தில் ஓட்டோ, மனுவல் என்று ஒரு சிறு தட்டு. ஓட்டோவில் இருந்தால் பின்னால் இருக்கிற ஊசியைக் கமரா அமுக்கும்வரை தகடு மூடாதாம். மனுவலுக்குத் தள்ளியதும் சரி.

சனிக்கிழமை பின்னேரம் காலிமுகத்திடலுக்குக் கொண்டுபோனேன். பட்டம் விடுகிறவர்கள், இறால் வடைக்காரர், அலையில் கால் நனைக்கிற சனம். 64 படம் எடுத்தேன், 9 தெளிவு. மிச்சம் எல்லாம் கல்யாணக்கமரா அண்ணை சொன்ன காதுத் தோடு.

ஆனால் அந்த ஒன்பதில் ஒன்று, ஒரு தாத்தா வடை சாப்பிடுகிறார், பின்னால் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது, அவருடைய தலைமுடி விளிம்பெல்லாம் ஒளிர்கிறது, நிழல்களுக்குள் ஒரு மெல்லிய புகை. இது லென்ஸின் அழகா, குறையா?

திருகுவில்லை:

குறைதான். ஒளி உள்ளே தெறித்து நிழலைக் கழுவிவிடுகிறது. பென்டாக்ஸ் 1971 இல்தான் சூப்பர் மல்டி கோட்டட் என்று பல அடுக்குக் கோட்டிங் கொண்டுவந்தது, உங்களுடையது அதற்கு முந்தியது. சென்சர் வேறு பிலிமை விடப் பளபளப்பு, பின் கண்ணாடிக்கே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அந்தத் தாத்தாவுக்கு அந்தக் குறை பொருந்திவிட்டது. சூரியனைப் படத்துக்கு வெளியே வைத்து லென்ஸுக்கு முன்னால் ஒரு ஹூட் (வெளிச்ச மறைப்பு) போட்டால் கறுப்பு கறுப்பாக வரும். எஃப் 4 இல் ஒரு தரம் எடுத்துப் பாருங்கள், இப்போதைய லென்ஸ்களுக்கு வெட்கமாக இருக்கும்.

பழைய லென்ஸ் என்றாலே ஒரு மாயம் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. வெசாக் நாளில் பேரை வாவிப் பக்கம் போய்ப் பாருங்கள், பாதிப்பேர் கையில் ஹீலியோஸ் 44-2, கூடுகளின் வெளிச்சம் பின்னால் சுழன்றுகொண்டிருக்கும், எல்லோருடைய படமும் ஒரே படம். அது மொஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்கில் செய்த 58 மி.மீ எஃப் 2, செய்ஸ் யேனாவின் பயோட்டாரைப் பார்த்துச் செய்தது. நல்ல லென்ஸ்தான். ஆனால் படத்தில் சுழலைத் தவிர வேறு ஒன்றும் இல்லையென்றால் என்ன செய்ய.

ரயில்பாதை_அக்கா:

64 இல் 9 முதல் நாளுக்கு மோசமில்லை. விளிம்பில் நிறம் காட்டுகிற போகஸ் பீக்கிங்கை எஃப் 1.4 இல் நம்பாதே, மூக்கையும் கண்ணையும் ஒன்றாகவே சிவப்பாகக் காட்டும். ஒரு பொத்தானுக்குப் பெரிதாக்கிக் காட்டும் வேலையைக் கொடு, கண் இமையில் வைத்துத் திருப்பு. அசைகிற ஆள் என்றால் எஃப் 2.8 க்கு இறக்கு. ஏ6000 உடலுக்குள் நடுக்கத் தடுப்பு இல்லை, 50 மி.மீ அதில் 75 மி.மீ மாதிரிப் பார்க்கும், அதனால் ஷட்டர் வேகம் நொடியில் 125 இல் ஒரு பங்குக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்.

புறக்கோட்டை மாதிரி நெரிசலில் நான் போகஸ் பண்ணுவதே இல்லை. 28 மி.மீ லென்ஸ், எஃப் 8, வளையம் 3 மீற்றரில். இரண்டு மீற்றரிலிருந்து ஏழு மீற்றர் வரை எல்லாம் தெளிவு, சம்மாங்கோட்டுப் பள்ளி முன்னால் நின்று யாருக்கும் தெரியாமல் எடுக்கலாம். எங்கிருந்து எங்கே வரை தெளிவு என்று லென்ஸில் பொறித்திருக்கிற அளவுகோல் பிலிமுக்குப் போட்டது, சின்ன சென்சரில் ஒரு படி இறுக்கமாக வாசிக்க வேண்டும், எஃப் 8 வைத்தால் 5.6 இன் கோடுகளைப் பார்.

பேரைவாவி:

அப்பாவிடம் பழைய நிக்கோர் 105 ஒன்று இருக்கிறது. நிக்கோன் லென்ஸை நிக்கோனில் பூட்ட அடப்டரே வேண்டாம்தானே?

திருகுவில்லை:

கவனம். 1977 க்கு முந்தி வந்த, ஏஐ (அப்பேர்ச்சர் அளவைக் கமராவுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு) இல்லாத லென்ஸ் என்றால் டி7000, டி750 மாதிரி உடல்களில் பூட்டக்கூடாது, மவுண்ட் ஓரத்தில் இருக்கிற சிறு நெம்பை உடைத்துவிடும். வேடிக்கை என்னவென்றால் தம்பியின் டி5300 போன்ற மலிவான உடல்களில் அந்த நெம்பு இல்லை, அதனால் தாராளமாக ஏறும். ஒளி அளக்காது, எல்லாம் கையால் வைக்கிற எம் மோடில் போட்டு ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராம் (வெளிச்ச வரைபடம்) பார்த்துத் திருத்த வேண்டியதுதான்.

மாமாவின்_பெட்டி:

நேற்று அந்த ஒன்பதையும் மாமிக்குக் காட்டினேன். வடைத் தாத்தாவை நெடுநேரம் பார்த்துவிட்டு, "உன்ர மாமா எடுத்தாலும் இப்பிடித்தான் புகையாத்தான் வரும், நான் அவருக்கு எடுக்கத் தெரியாது எண்டு நினைச்சன்" என்றார். அடுத்த ஆடிவேலுக்குத் தேர் வரும்போது வாசலில் நின்று எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார்.

ஒரு கேள்வி. 49 மி.மீ முன்மூடி யாரிடமாவது உபரியாக இருக்கிறதா? இப்போதைக்கு ஒரு ஜாம் போத்தல் மூடியை ரப்பர் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.

கல்யாணக்கமரா:

மூடி என்னிடம் இரண்டு இருக்கிறது, வந்து எடு. வரும்போது ஏ6000 ஐயும் கொண்டு வா. மனிசியின் அண்ணன் ஊரிலிருந்து ஒரு பழைய மினோல்டா றொக்கோர் கொண்டு வந்திருக்கிறார், சும்மா ஒருக்கா பூட்டிப் பார்க்க வேண்டும்.

ரயில்பாதை_அக்கா:

சும்மா ஒருக்கா :)